வெயில் இருக்கிறது, கூரை இருக்கிறது, பிறகு என்ன? தமிழ்நாட்டின் சூரிய மின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 2024ல் 3 கிலோவாட் பேனல் ஏறியது. அன்றிலிருந்து தெருவில் யாருக்கு ஈபி பில் அதிகமாக வந்தாலும் பில்லோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "நம்ம வீட்டுக்குப் போடலாமா?" என்பது ஒன்று. "இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் இது ஏன் இன்னும் வீட்டுக்கு வீடு வரவில்லை?" என்பது மற்றொன்று. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தால்தான் முதலாவதற்குச் சரியான பதில் சொல்ல முடியும். அதனால் மாநிலத்தின் கதையையும் வீட்டுக் கணக்கையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். கட்டணம், மானியம் எல்லாம் 2025 நிலவரம்.

தமிழ்நாட்டில் இப்போது எவ்வளவு சூரிய மின்சாரம் இருக்கிறது?

2025 மார்ச் முடிவில் நிறுவு திறன் ஏறத்தாழ 10,000 மெகாவாட். பத்து வருடத்துக்கு முன், 2015 மார்ச்சில், இது 150 மெகாவாட் அளவில்தான் இருந்தது. அடுத்த ஒரே வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டியது. அப்புறம் நிற்கவே இல்லை.

நிறுவு திறன் என்பதை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். வானம் தெளிந்திருக்கும் நண்பகலில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு அது. காலை எட்டு மணிக்கு அதில் ஒரு பங்குதான் வரும், மாலை ஆறரைக்கு ஒன்றும் வராது. ஒரு நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. 10,000 மெகாவாட் சூரிய மின்சாரம் இருக்கிறதே, பாதித் தேவை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு ஓரளவு ஆமாம், இரவு எட்டு மணிக்குக் கொஞ்சமும் இல்லை.

மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால்?

இந்தியா முழுவதும் சேர்த்து 2025 ஜனவரியில் 100 ஜிகாவாட்டை, அதாவது ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. 2025 மார்ச் முடிவில் ராஜஸ்தான் 28,000 மெகாவாட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு முதலிடத்தில் நின்றது. குஜராத் 18,000க்கு மேல். மகாராஷ்டிரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் பத்தாயிரத்தையொட்டி ஒன்றையொன்று நெருங்கி நின்றன.

ஆனால் இந்த வரிசையை மட்டும் பார்த்து எந்த மாநிலத்தையும் எடைபோட முடியாது. ராஜஸ்தானில் பாலைவனத் தரிசு நிலம் பரந்து கிடக்கிறது. அங்கே பட்லா என்ற ஒரு சூரிய மின் பூங்கா மட்டுமே 14,000 ஏக்கர், 2,245 மெகாவாட். மாநிலங்களுக்கு இடையிலான மின்கம்பிக் கட்டணத்தை மத்திய அரசு பல வருடம் தள்ளுபடி செய்ததால், அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை வேறு மாநிலங்களும் வாங்கிக்கொள்கின்றன. கேரளத்தின் கதையே வேறு. பெரிய பூங்கா போட அங்கே இடம் கிடையாது. அதனால் அங்கே இருப்பதில் பெரும் பங்கு கூரைமேல்தான். கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டிலேயே முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது, உலகத்திலேயே முதலாவதாக. வெயில் எல்லா மாநிலத்திலும் அடிக்கிறது. நிலம், விதி, விலை இந்த மூன்றும்தான் ஊருக்கு ஊர் மாறுகின்றன.

தமிழ்நாட்டில் இது எப்போது, எப்படித் தொடங்கியது?

2012 நினைவிருக்கிறதா? சென்னையைத் தாண்டிவிட்டால் ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேல் கரண்ட் இருக்காது. கோவைப் பக்கம் சிறு பட்டறைகள் மூடிக்கிடந்தன, பிள்ளைகள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்த வருடம் அக்டோபரில்தான் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சூரிய மின்சக்திக் கொள்கையை வெளியிட்டார். 2015க்குள் 3,000 மெகாவாட் என்பது இலக்கு. அதற்கு முந்தைய வருடமே பசுமை வீடுகள் திட்டம் தொடங்கியிருந்தது. ஏழைகளுக்கு 300 சதுர அடியில் வீடு, வீட்டுக்கு ஐந்து சூரிய விளக்குகள். கிராமத்து ஏழை வீட்டில் பலருக்கு முதன்முதலில் கண்ணால் பார்க்கக் கிடைத்த பேனல் அதுதான். அதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

3,000 மெகாவாட் இலக்கு 2015ல் எட்டப்படவில்லை. பெரிய மின் நுகர்வோர் 6 சதவீதம் சூரிய மின்சாரம் வாங்கியே ஆக வேண்டும் என்று கொண்டுவந்த விதியை மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. வேகம் பிடித்தது அதற்குப் பிறகு, விலையால். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று கொள்முதல் விலை வைத்ததும் முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே 648 மெகாவாட் நிலையம் வந்தது அந்த விலையில்தான்.

கமுதி நிலையம் உண்மையிலேயே அவ்வளவு பெரியதா?

2016 செப்டம்பரில் திறந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது. 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள், 4,550 கோடி ரூபாய். கட்டி முடிக்க எட்டு மாதம். அதானி குழுமத்தின் நிலையம். அதன் பிறகு அந்தப் பட்டத்தைப் பட்லாவும் கர்நாடகத்தின் பாவகடாவும் எடுத்துக்கொண்டன.

கமுதியில் என்னைக் கவர்ந்தது பேனலைத் துடைக்கும் ஏற்பாடு. மழை மறைவுப் பகுதி, கருவேலம் மண்டிய மண், குடிக்கவே தண்ணீர் தேட வேண்டிய பூமி. 25 லட்சம் பேனலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியுமா? அதனால் பேனல் வரிசைகளின் மேல் ரோபோக்கள் ஓடித் தூசியைத் தட்டிவிடுகின்றன. அவற்றுக்கான மின்சாரமும் சூரியனிலிருந்தே.

7 ரூபாய் என்பது அதிகம் இல்லையா? இப்போதும் அதே விலையா?

அன்றைய பேனல் விலைக்கு அது நியாயமாகவே பட்டது. ஆனால் பேனல் விலை அதன் பிறகு சரிந்துகொண்டே போனது. 2017 மே மாதம் பட்லாவில் யூனிட்டுக்கு 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போனது. அதே வருடம் தமிழ்நாடு நடத்திய ஏலத்தில் 3 ரூபாய் 47 காசு. சில வருட இடைவெளியில் பாதிக்குப் பாதி.

மின்வாரியம் பழைய ஒப்பந்தங்களுக்கு 25 வருடம் பழைய விலையையே கொடுக்க வேண்டும். முன்னால் போனவருக்கு அதிக விலை கிடைத்தது, பின்னால் வந்தவரிடம் மலிவாகக் கிடைத்தது. தொடக்கத்தில் யாராவது அந்த அதிக விலையைக் கொடுத்துத்தான் சந்தையை உருவாக்க வேண்டியிருந்தது என்பது என் கருத்து. என்றாலும் அந்தச் சுமை கடைசியில் வாரியத்தின் கடன் கணக்கில்தான் போய் உட்கார்ந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

பூங்காக்களில் முன்னேறிய தமிழ்நாடு, வீட்டுக் கூரையில் ஏன் பின்தங்கியது?

கூரைமேல் சூரிய மின்சாரத்தில் குஜராத் வெகு தூரம் முன்னால் போய்விட்டது. நம்மைவிடப் பல மடங்கு. பரப்பளவில் நம்மைவிடச் சின்ன மாநிலமான கேரளமும் நம்மைத் தாண்டியது. நம்மிடம் என்ன குறை?

என் பதில் பலருக்குப் பிடிக்காது. நம் வீடுகளுக்கு மின்சாரம் மலிவு. 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 யூனிட் வரைக்கும் கட்டணம் பெயரளவுக்குத்தான். இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு வருகிற பில் இருநூறு ரூபாய்க்குள். அந்தக் குடும்பம் எழுபதாயிரம் போட்டு எதற்குப் பேனல் வாங்க வேண்டும்? வாங்கவில்லை என்றால் அது அறியாமை இல்லை, சரியான கணக்கு.

இலவச மின்சாரத்தை நான் குறை சொல்லவில்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்தில் ஒரு மின்விசிறி தயங்காமல் ஓடுகிறது என்றால் அது பெரிய விஷயம். ஆனால் அதே சலுகைதான் கூரை மின்சாரத்தின் வேகத்தைப் பிடித்து இழுக்கிறது. ஒரு கையால் மலிவாகக் கொடுத்துக்கொண்டே மறு கையால் "நீங்களே தயாரித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் மக்கள் மலிவானதைத்தான் எடுப்பார்கள்.

குஜராத்தில் இப்படி ஒரு பொது இலவசம் கிடையாது. 2019லேயே 'சூர்யா குஜராத்' என்று தனித் திட்டம் போட்டு, 3 கிலோவாட் வரை 40 சதவீத மானியத்தை நேராகக் கொடுத்தார்கள். வேலை குவிந்ததும் பேனல் பொருத்தும் ஆட்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள். ஆட்கள் பெருகினால் விலை குறையும், பயமும் குறையும். பக்கத்து வீட்டு மாடியில் ஓடுவதைப் பார்க்கிறவர் தானும் போடுவார். எங்கள் தெருவில் நடந்ததும் அதுதான். எங்களுக்குப் பிறகு நான்கு வீடு.

சரி, என் வீட்டுக்குக் கட்டுப்படியாகுமா?

கடந்த ஆறு ஈபி பில்லை எடுத்து மேசைமேல் வையுங்கள். தொகையை விடுங்கள், யூனிட்டைப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் அளவில். இனி மூன்று வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வீடு இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் ஓட்டுகிறது. இரண்டு ஏசி, ஒரு வாட்டர் ஹீட்டர், போர் மோட்டார். பில் நாலாயிரம் ரூபாய் அளவில் வரும். வருடத்துக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலாயிரம். 3 கிலோவாட் அமைப்புக்கு 2025ல் ஒரு லட்சத்து எண்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை கேட்டார்கள். மானியம் 78,000 போக ஒரு லட்சத்துச் சொச்சம். ஐந்தாறு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும். பேனல் 25 வருடம் உழைக்கும். யோசிக்கவே வேண்டாம், போடலாம்.

இரண்டாவது வீடு 400 யூனிட். பில் ஆயிரத்து இருநூறு அளவில்தான். 2 கிலோவாட் போட்டால் மானியம் போகக் கையிலிருந்து எழுபது, எண்பதாயிரம் ஆகும். திரும்ப வர பத்து வருடம் போல ஆகலாம். அடுத்த வருடம் ஏசி வாங்கப் போகிறோம், மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறோம் என்றால் போடுங்கள். இல்லையென்றால் அவசரமில்லை.

மூன்றாவது வீடு 200 யூனிட்டுக்குள். வேண்டாம். யாராவது வந்து வற்புறுத்தினாலும் வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நம் கட்டணத்தில் 500 யூனிட் ஒரு படிக்கட்டு. அதைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு விலை கூடுவதோடு, கீழே 101லிருந்து 200 வரை கிடைத்துக்கொண்டிருந்த சலுகையும் போய்விடும். 500லிருந்து 510 ஆனால், வெறும் பத்து யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டி வரும். 1,000ஐத் தாண்டினால் ஒரு யூனிட்டே பதினோரு ரூபாய்க்கு மேல். பேனல் குறைப்பது எப்போதும் உச்சியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டைத்தான். அதனால் 600 யூனிட் வீட்டில் சின்னதாக 1 கிலோவாட் போட்டாலே நல்ல பலன் தெரியும். "பில்லை ஜீரோ ஆக்கித் தருகிறோம்" என்று பெரிய அமைப்பைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஜீரோ தேவையில்லை. 500க்குக் கீழே வந்தால் போதும் என்கிற வீடுகள் நிறைய உண்டு.

மானியம் எவ்வளவு? எப்படி வாங்குவது?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. நாடு முழுவதும் ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி. திட்டத்தின் இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்துப் பதிந்து, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றிய பிறகு மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதாவது முழுத் தொகையையும் முதலில் நீங்கள் புரட்ட வேண்டும், அல்லது வங்கிக் கடன் எடுக்க வேண்டும். பிணை கேட்காமல் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கிறது. பேனலுக்குள் மின்சாரம் தயாரிக்கும் சின்னத் தகடுகளான செல்கள் இந்தியாவில் செய்தவையாக இருந்தால்தான் மானியம். பில்லில் அதைக் குறிப்பிடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024ல் விதி மாறியது நல்ல காரியம். ஆனால் தாளில் எளிதாகத் தெரிவது நடையில் அப்படி இல்லை. எங்கள் வீட்டில் பேனல் ஏறிய நாளுக்கும் இருவழி மீட்டர் வந்த நாளுக்கும் நடுவே ஏழு வாரம் ஓடியது. அந்த ஏழு வாரமும் பேனல் வெயிலில் சும்மா காய்ந்தது. வாரம் ஒருமுறை போய்க் கேட்டால்தான் கோப்பு நகர்ந்தது. முழுத் தொகையையும் மீட்டர் மாற்றும் முன்பே நிறுவனத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். பத்து சதவீதமாவது கையில் வைத்திருந்தால் அவர்களும் உங்களோடு சேர்ந்து அலைவார்கள்.

இருவழி மீட்டர் என்ன செய்கிறது? நெட்வொர்க் கட்டணம் என்கிறார்களே?

பகலில் நீங்கள் செலவழித்தது போக மிஞ்சும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போகிறது. இரவில் கம்பியிலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். போனதையும் வந்ததையும் மீட்டர் தனித்தனியே எழுதும். வித்தியாசத்துக்குப் பில். அதிகமாகக் கொடுத்திருந்தால் அடுத்த பில்லில் வரவு.

கம்பியை உங்கள் சேமிப்புக் கணக்குபோலப் பயன்படுத்துவதால் அதற்கு ஒரு கட்டணம் வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2021ல் நெட்வொர்க் கட்டணம் வைத்தது. வீடுகளுக்குக் குறைவு. தொழிற்சாலைகளுக்கு யூனிட்டுக்கு ஒரு ரூபாயையொட்டி. தன் கூரையில் தானே தயாரித்துத் தானே பயன்படுத்தும் மின்சாரத்துக்கும் கட்டணமா என்று சிறுதொழில் செய்கிறவர்கள் போராடினார்கள். பின்னர் அவர்களுக்குச் சலுகை தரப்பட்டது. கம்பியைப் பராமரிக்கப் பணம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். கம்பிக்கே போகாத யூனிட்டுக்கும் சேர்த்து வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கரண்ட் போனால் என் வீட்டில் லைட் எரியுமா?

எரியாது. பலருக்கு இது பெரிய ஏமாற்றம். உச்சி வெயில், மாடியில் பேனல், ஆனால் தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டிலும் போய்விடும். காரணம் பாதுகாப்பு. லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது உங்கள் மாடியிலிருந்து கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் அவர் உயிர் போகும். அதனால் தெருக் கம்பி செத்ததும், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் அமைப்பு என்றால் எரியும், விலை கணிசமாகக் கூடும். மின்வெட்டு அதிகம் இல்லாத ஊரில் பழைய யுபிஎஸ்ஸே போதும்.

இரவில் என்ன செய்வது? மாநிலத்துக்கும் இதே சிக்கல்தானே?

அதேதான், இன்னும் பெரிதாக. பகலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது மறையும்போது வீடுகளில் விளக்கும் டிவியும் ஏசியும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கும். அந்த இரண்டு மணி நேர இடைவெளியை நிரப்ப அனல் நிலையங்களை முடுக்க வேண்டும், வெளிச்சந்தையில் அதிக விலைக்கு வாங்க வேண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரம் உண்டு, காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு பக்கம் வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும் காற்றாலைகள் இரவும் பகலும் சுற்றும். சூரியனும் காற்றும் சேர்ந்தால் ஆடி மாதத்தில் இரவுக் கவலை பாதி குறையும். பங்குனி, சித்திரையில் காற்று இருக்காது. தேவை உச்சம் தொடுவதோ அப்போதுதான்.

மற்றொரு வழி தண்ணீர். வால்பாறைப் பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று 1987லிருந்து ஓடுகிறது. மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழணைத் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். இரவு உபரிக்காகக் கட்டிய அந்த ஏற்பாடு இன்றைக்குப் பகல் உபரிக்கும் கைகொடுக்கும். நீலகிரியில் குந்தா அருகே 500 மெகாவாட்டுக்கு இதேபோல ஒன்று கட்டுகிறார்கள். இத்தகைய நிலையம் கட்ட வருடக்கணக்கில் ஆகும். பேனல் எட்டு மாதத்தில் ஏறிவிடுகிறது. சேமிப்பு பின்னாலேயே ஓடி வருகிறது என்பதுதான் இன்றைய உண்மையான சிக்கல்.

சேமிக்க வழியில்லாதபோது என்ன நடந்தது தெரியுமா? பகலில் சூரிய நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லி உத்தரவு போனது. உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். தொழில்நுட்பக் காரணம் இல்லாமல் குறைக்கச் சொன்னதற்கு இழப்பீடு தர வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர் இவற்றைப் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள் ஓட்டுவது. என் மனைவி மாவாட்டும் நேரத்தைச் சாயங்காலத்திலிருந்து மதியத்துக்கு மாற்றிவிட்டார். பில்லில் இதனால் பெரிய வித்தியாசம் வராது. ஆனால் சாயங்கால நெருக்கடியில் ஒரு கிரைண்டர் குறைகிறது.

விவசாய பம்ப்செட்டுக்கு?

மாநில அரசு வேளாண் பொறியியல் துறை வழியாக 60 சதவீத மானியத்தில் சோலார் பம்ப்செட் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடி சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கும் மேல். முப்பது வருடத்துக்கும் மேலாக இலவச மின்சாரம் வாங்கும் விவசாயி இதற்கு மாறத் தயங்குவார், நியாயம்தான். இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பவருக்கும், கம்பம் வராத கடைக்கோடி காட்டுக்கும் இது உண்மையிலேயே பயன்படுகிறது. பகலில் மட்டும் ஓடும் என்பதால் இராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சோடு மோட்டார் போடப் போக வேண்டாம். பாம்புக்கடிக்குப் பயந்த அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பெரிய பூங்காக்கள் விவசாய நிலத்தை விழுங்குகின்றன என்கிறார்களே?

அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் வேண்டும். ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் "தரிசு" என்று காகிதத்தில் எழுதப்பட்ட நிலம் உண்மையில் ஆடு மேயும் நிலமாக இருக்கும். விற்றவருக்குப் பணம் கிடைக்கிறது. மேய்த்தவருக்கு வேலிதான் கிடைக்கிறது.

கர்நாடகத்தில் பாவகடாவில் வேறு வழி பார்த்தார்கள். 13,000 ஏக்கரையும் வாங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். வானம் பார்த்த பூமியில் நிச்சய வருமானம் என்பது சின்ன விஷயமில்லை. நிலமில்லாத கூலிக்காரருக்கு அங்கேயும் வழி கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் நிலத்தை நிரந்தரமாக இழப்பதைவிட இது மேல். தென் மாவட்டங்களில் இதைத் தீவிரமாக முயல வேண்டும்.

பேனல்கள் எல்லாம் சீனாவிலிருந்துதானே வருகின்றன?

பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது, மாறி வருகிறது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுப் பேனலுக்கு 40 சதவீத சுங்க வரி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார், திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர், ஒரகடத்தில் விக்ரம் சோலார் என்று தமிழ்நாட்டிலேயே பெரிய ஆலைகள் வந்திருக்கின்றன.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எனக்கு வழி உண்டா?

பொது மின்சாரத்துக்குப் போடலாம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குகளுக்காகச் சங்கத்தின் பெயரில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாடி யாருக்குச் சொந்தம் என்ற சண்டையை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு அதிகமா?

இல்லை. ஆனால் அறவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் தண்ணீர் ஊற்றி நீளக் கம்பு மாட்டிய துடைப்பானால் இழுத்துவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடலாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கறை படியும். கடைசியாக ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.

தூசியைவிட மோசம் காக்கை எச்சம். எங்கள் வீட்டில் ஒரு பேனலின் மூலையில் காய்ந்து ஒட்டியிருந்த எச்சம் உள்ளங்கை அளவுதான். அதை ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுத்த மறுநாள் உற்பத்தியைக் காட்டும் செயலியில் பார்த்தால் ஒரு யூனிட்டையொட்டிக் கூடியிருந்தது. பேனலில் செல்கள் சங்கிலிபோலக் கோத்திருப்பதால் ஒரு கண்ணி அடைபட்டாலும் அதோடு சேர்ந்தவையும் மந்தமாகும்.

இன்னொன்று. சித்திரை வெயிலில்தான் அதிகம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பேனல் சூடாகச் சூடாக உற்பத்தி குறையும். எங்கள் வீட்டில் அதிகம் கிடைத்தது மாசியில். வானம் தெளிவு, காற்று இதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதிக்கு இறங்கிய நாட்களும் உண்டு. அதைப் பார்த்து பேனல் கெட்டுவிட்டது என்று பதறி நிறுவனத்துக்குப் போன் போட வேண்டாம்.

25 வருடம் கழித்துப் பழைய பேனல் என்ன ஆகும்?

2022ல் வந்த மின்னணுக் கழிவு விதிகளில் சூரிய பேனலும் சேர்ந்திருக்கிறது. பொறுப்பு உற்பத்தியாளருடையது. வாங்கிய பில்லையும் பேனல் வரிசை எண்களையும் பத்திரமாக வைத்திருங்கள். உத்தரவாதத்துக்கும் (வாரண்டி) அதுதான் வேண்டும்.

பணம் கட்டும் முன் நானே பார்த்துக்கொள்ள வேண்டியது என்ன?

நிழல். ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி வேண்டும் என்பார்கள். அந்த 100 சதுர அடியும் நிழல் விழாததாக இருக்க வேண்டும். நம் ஊரில் பேனல் தெற்கு பார்த்துப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் இருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, தெற்கு வீட்டுத் தென்னை எல்லாவற்றின் நிழலும் வடக்குப் பக்கம் நீளும். பொருத்த வருகிறவர் வைகாசியில் வந்து பார்த்துவிட்டு "இடம் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார். முடிந்தால் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸோடு மாடிக்குப் போங்கள். காலை ஒன்பது மணிக்கு நிழல் எங்கே நிற்கிறதோ அங்கே கோடு போடுங்கள். பன்னிரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. மூன்று கோட்டுக்கும் வெளியே எவ்வளவு இடம் மிஞ்சுகிறதோ அத்தனை கிலோவாட்தான் உங்கள் வீட்டுக்கு.